தூங்க வேண்டிய நொதி

ஜூன் 11, செவ்வாய்

பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். இன்று ஆய்வகத்திலிருந்து லாக்டோமீட்டரைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்து பாலில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் நான் சோதிக்கப்போவது அவருக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

என் ஆய்வு வழிகாட்டி ஞானதுரை சார், "சக்தி" என்று கூப்பிட்டு, செப்டம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். இது ஆறாவது வருஷம். இதற்கு மேல் நீட்டிக்க விதியில்லை. கடைசியாக ஒரே ஒரு சோதனைத் தொகுதி பாக்கி. தட்டைப்பயறு விதைத்துவிட்டேன். வளர்ப்பறையில் குழல்விளக்குகளின் இரைச்சல் மண்டையைப் பிளக்கிறது. போன வாரம்தான் எல்லா விளக்கையும் மாற்றினார்கள். மாற்றிய நாளிலிருந்து தலைவலி. வரும் வழியில் தைலம் வாங்கினேன்.

ஜூன் 14, வெள்ளி

அம்மா போனில், "அங்கன அப்படி என்னதாம்ட்டி செய்யுத?" என்று கேட்டாள். ஆறு வருஷமாகக் கேட்கிறாள். இந்த முறை அவளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன்.

செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஓர் அடுப்படி இருக்கிறது. அதில் வரிசையாக நொதிகள் நின்று, சர்க்கரையை எரித்துச் செடிக்குத் தேவையான சக்தியைச் செய்கின்றன. செடிகளின் அடுப்படிக்கு மட்டும் ஒரு கொல்லைவாசல் உண்டு. அதன் பெயர் மாற்று ஆக்சிடேஸ். அதன் வழியே போனால் சக்தி சேராது, வெறும் சூடாகப் போய்விடும். நன்றாக இருக்கும் செடியில் அந்த நொதி தூங்கும். தண்ணீர் இல்லாமல் செடி தவிக்கும்போது, முன்வாசல் நெரிசலில் அடுப்படியே கெட்டுப்போகாமல் இருக்க விழித்துக்கொள்ளும். எப்போது விழிக்கிறது, யார் எழுப்புகிறார்கள் என்பதுதான் என் ஆறு வருஷம்.

"அது தூங்குனா ஒனக்கு என்ன, முழிச்சா ஒனக்கு என்ன" என்றாள் அம்மா.

தண்ணீர் நிறுத்திய செடியில் அது விழிக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்ட கன்ட்ரோல் செடியில் தூங்க வேண்டும். இரண்டும் நடந்தால் எனக்குப் பட்டம். அவ்வளவுதான்.

சார் இன்று எல்லார் முன்னாலும் உலகம்மாளைப் பாராட்டினார். அவள் இரண்டாம் வருஷ ஆய்வு மாணவி, சுரண்டைக்காரி. எனக்கு அடுத்த மேசை. "உலகு பிரிச்செடுத்த மைட்டோகாண்ட்ரியாவப் பாரு, ஒண்ணுகூட உடையல. கைன்னா அது கை" என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவளுக்கு இலை அரைக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஜூன் 21, வெள்ளி

சமையல் எரிவாயு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. சிலிண்டர்காரன் எடையில் அடித்திருக்கிறான்.

இன்று கன்ட்ரோல் செடியின் இலையைப் பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, அது ஆக்சிஜனை இழுக்கும் வேகத்தைக் கருவியில் பார்த்தேன். பிறகு ஒரு சொட்டு சயனைடு. சயனைடு முன்வாசலை அடைத்துவிடும். கொல்லைவாசல் நொதி தூங்கிக்கொண்டிருந்தால் கருவி வரையும் கோடு அப்படியே படுத்துவிட வேண்டும்.

படுக்கவில்லை. சயனைடு விட்ட பிறகும் ஒன்றுமே நடக்காததுபோல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வாடவிட்ட செடிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

சயனைடு பழசாகியிருக்கும். தலைவலி தாங்கவில்லை.

ஜூன் 22, சனி

புதுச் சயனைடு. அதே கதை.

ஜூன் 27, வியாழன்

இந்த நொதியின் இரண்டு கூறுகள் ஒரு கந்தகப் பாலத்தால் கோத்துக்கொண்டிருக்கும்வரை அது தூங்கும். பாலம் அறுந்து, பைருவேட் என்ற அமிலம் வந்து தொட்டால் விழிக்கும். என் கரைசலில் ஏதோ ஒன்று தவறிப்போய்ப் பாலத்தை அறுத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் சரி. ஆகவே, எழுப்புவதில் கோளாறில்லை. இருக்கும் அளவிலேயே கோளாறு. புரதத்தைப் பிரித்துச் சாயமேற்றிப் பார்த்ததில் அந்த நொதிக்குரிய பட்டை கரிக்கோடு போலத் தடியாக வந்திருக்கிறது. கன்ட்ரோல் செடிகள் இந்த நொதியை மூட்டை மூட்டையாகச் செய்து வைத்திருக்கின்றன.

செடி சும்மா செய்யாது. யாரோ அதற்கு ஆபத்து என்று சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் குறையவில்லை, பூச்சியில்லை, நோயில்லை. அதெல்லாம் இல்லாமலே செடியை ஏமாற்ற ஒரு பொருள் உண்டு. சாலிசிலிக் அமிலம். கொஞ்சம் தெளித்தால் போதும், செடி கலவரப்பட்டு நொதியைச் செய்ய ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் அந்தக் குப்பி ஒரே ஒருவரின் அலமாரியில்தான் இருக்கிறது. உலகம்மாளின் ஆராய்ச்சியே அதில்தான்.

நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

அவள் மேசையில் இல்லாதபோது அந்தக் குப்பியில் அளவுக்கு ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் குறைந்திருந்தது. அவள் சோதனைக்கு எடுத்திருக்கலாம். எடுத்திருக்கலாம்தான்.

அவளுடைய செடிகள் மொட்டைமாடி வலைக்கூடத்தில் இருக்கின்றன. அவளுடைய கன்ட்ரோல்கள் தொட்டில் பிள்ளை மாதிரி தூங்குகின்றன. ஒரே விதை, ஒரே தண்ணீர். என்னுடையது மட்டும் விழித்திருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

மத்தியானம் சுக்குக் காப்பி கொண்டுவந்தாள். "தல வலிக்குன்னீங்களேக்கா, குடிங்க. நீங்க வாறது இப்பம்லாம் வாசல்லயே தெரிஞ்சிருது, அம்புட்டுத் தைலம் தேய்க்கீங்க" என்று சிரித்தாள். அவள் போனதும் காப்பியைத் தொட்டியில் ஊற்றினேன்.

ஜூலை 4, வியாழன்

ஆய்வக உதவியாளர் செல்லையா அண்ணாச்சியிடம் சொல்லி வளர்ப்பறைக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். "எதுக்கும்மா? உள்ள இருக்கது பயத்தஞ்செடிதான, யாரு களவாங்கப் போறா?" என்றார். இவரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சாவி என் கழுத்துச் செயினில். புது விதை போட்டாயிற்று. இனி அந்த அறைக்குள் என்னைத் தவிர ஒரு ஈ நுழையாது.

உலகம்மாள் பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குற்றமில்லாதவள் என்றால் கேட்டிருப்பாள் அல்லவா?

ஜூலை 16, செவ்வாய்

பூட்டிய அறையில், என் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்ட்ரோல். சயனைடுக்குப் பிறகும் மூச்சு விடுகிறது.

அவளிடம் மறுசாவி இருக்கிறது.

ஜூலை 17, புதன்

சங்கரன்கோவிலிலிருந்து அக்கா போன். அவள் மகனுக்கு அம்மை போட்டிருக்கிறது, அத்தான் வெளியூரில், தனியாகச் சமாளிக்க முடியவில்லை. போகாமல் முடியாது. போனால் அம்மை இறங்கிப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வரவும் முடியாது.

அடுத்த விதைப்பைத் தள்ளிப்போட்டால் செப்டம்பர் கைவிட்டுப் போய்விடும். சார் "உலகு பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டார். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "பயப்படாமப் போயிட்டு வாங்கக்கா. பிள்ளைய வேப்பிலையால தடவிக் குடுங்க, அரிப்பு தாங்காது" என்றாள். எப்படி நடிக்கிறாள்.

ஜூலை 23, செவ்வாய். சங்கரன்கோவில்

வேப்பிலை, இளநீர், கஞ்சி. தாளிக்கக்கூடாது, எண்ணெய் கூடாது, வாசனையாக ஒன்றும் கூடாது என்று அக்காவின் மாமியார் காவல். என் தைலப் புட்டியைக்கூட வாங்கி வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள். ஆனாலும் இங்கே தலைவலி இல்லை. அந்த விளக்கு இரைச்சல் இல்லையே.

ஆகஸ்ட் 1, வியாழன்

திரும்பி வந்தேன். உலகம்மாள் வளர்த்த கன்ட்ரோல் செடிகளை இன்று சோதித்தேன்.

ஒரு சொட்டு சயனைடு. கோடு படுத்துவிட்டது. முழுத் தூக்கம். இந்த இரண்டு மாதமாக நான் எதிர்பார்த்த மாதிரியான அழகான, தட்டையான கோடு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் ஊரில் இல்லாதபோது யாரைக் கெடுக்க அவள் தெளிக்க வேண்டும்? அவள் பொறுப்பில் நன்றாக வரும், என் பொறுப்பில் கெட்டுப்போகும் என்று சாருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதானே. இதைவிட ஓர் அத்தாட்சி வேண்டுமா?

"நல்லா வந்திருக்காக்கா?" என்று வந்து நின்றாள். முகமெல்லாம் பல்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். குப்பியின் கோடு, பூட்டு, நான் இருந்த விதைப்பு, இல்லாத விதைப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"சக்தியோட செடியில நீ எதாவது தெளிச்சியாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப நீ வளத்தது மட்டும் எப்படிச் சரியா வருது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழுவாள், அல்லது சண்டை போடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "தெரியல சார்" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முடியும்வரை ஆய்வகத்துக்கு வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அவள் தன் வெள்ளை அங்கியை மடித்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய வலைக்கூடச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. நான்தான் ஊற்றினேன். அந்த மட்டுக்கும் எனக்கு மனிதத்தன்மை இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடைசி விதைப்பு. இதில் தவறக்கூடாது. வளர்ப்பறைக்கு உள்ளேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்து ஆய்வேடு எழுதுகிறேன். அவள் இல்லாவிட்டாலும் அவளுக்கு வேண்டியவர்கள் இருக்கலாம். செல்லையா அண்ணாச்சி அவள் பெயரைச் சொல்லிக் காலையில் பெருமூச்சு விட்டார்.

தைலப் புட்டி பாதி தீர்ந்துவிட்டது. கடைக்காரன் குறைத்து நிரப்பி விற்கிறானோ.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சோதித்தேன். இதுவரை வந்ததிலேயே இதுதான் மிக மோசம்.

அவள் இங்கே இல்லை, சுரண்டைக்குப் போய்விட்டாள். சாவி என்னிடம். நான் அறைக்குள்ளேயே இருந்தேன்.

அப்படியானால் சாரா? சாருக்கு என்ன லாபம்? குளிர்சாதனம் பார்க்க ஓர் ஆள் வந்தானே, அவனா? ஒரு தாளில் பெயர்களை எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் அடிக்காமல் நின்றது ஒரே ஒரு பெயர். அதை எழுதியிருக்கவே இல்லை. எழுதாததால் அடிக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

செடித் தட்டுகளைத் தனித்தனியாகச் சோதித்தேன். கதவோரம் இருக்கும் தட்டில் நொதி கொஞ்சம். அடுத்ததில் அதைவிடக் கூடுதல். என் நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் எல்லாவற்றையும்விட அதிகம். கெடுக்க வந்தவன் எதற்காக என் நாற்காலியைச் சுற்றித் தெளிக்க வேண்டும்?

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். நெற்றி விண்விண்ணென்றது. கை தானாகத் தைலப் புட்டியை எடுத்துத் திறந்தது. அறை முழுக்க அந்த நெடி. உலகம்மாள் சொன்னது சரிதான், வாசல்வரை வரும். புட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டின் பொடி எழுத்தைப் படித்தேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் தைலம் இருக்கிறது. ஒருநாளும் நான் அதைப் படித்ததில்லை.

மெத்தில் சாலிசிலேட்.

சாலிசிலிக் அமிலத்தின் கூடப்பிறந்தது. அமிலம் நீரில் கிடக்கும், இது காற்றில் பறக்கும். காயம்பட்ட செடி பக்கத்துச் செடிக்கு ஆபத்தைச் சொல்லி அனுப்புவதே இதைக்கொண்டுதான். இலை அதை உள்ளே இழுத்து மறுபடி அமிலமாக்கிக்கொள்ளும், நொதியைச் செய்யத் தொடங்கும். முதுகலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை எடுத்தது நானேதான். மூடிய அறையில் இரண்டு மாதமாக என் நெற்றியிலிருந்து அந்தச் செடிகளுக்கு ஆபத்து ஆபத்து என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவை என்னை நம்பியிருக்கின்றன.

அவமானத்தில் உடம்பு எரிகிறது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சோதித்து உறுதி செய்துகொண்டேன். புதிதாக விதைத்த இரண்டு தட்டுகளைப் பாலித்தீன் உறையில் தனித்தனியாக மூடி, ஒன்றில் மட்டும் தைலம் தொட்ட பஞ்சை வைத்திருந்தேன். பஞ்சு வைத்ததில் நொதி விழித்திருக்கிறது. வைக்காததில் தூக்கம். வேறு ஏதாவது வந்துவிடாதா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

சாரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சரி, விடு. ஜூனுக்கு முன்னாடி எடுத்த அளவு இருக்கு. நீ ஊருக்குப் போயிருந்தப்ப வந்த தொகுதி சுத்தமா இருக்கு. அதை வச்சு முடி. இந்த நடுவுல கெட்டதை எல்லாம் எடுத்துப் போட்டுரு."

"அப்ப உலகம்மாள் விஷயம், சார்?"

"அந்தப் பொண்ணு விலகிக்கிறேன்னு கடுதாசி அனுப்பிருச்சு. இப்ப இதைக் கிளறினா ஆய்வுக் குழு என்ன கேக்கும்? ஆய்வகத்துல என்னதான் நடக்குதுன்னு கேக்கும். உன் ஆய்வேட்டை நிறுத்தி வைக்கும். என் பேரும் சேந்து போகும். யாருக்கு என்ன பிரயோசனம்?"

அந்தச் சுத்தமான தொகுதி உலகம்மாள் வளர்த்தது. அதை வைத்து முடி என்கிறார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன். சார் சொல்வதில் தவறென்ன என்று நாள் முழுக்க ஒரு குரல். அது சாருடைய குரல் இல்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஆய்வுக் குழு கூடியது. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தைலம் என்றதும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும் சிரிக்காமல், "அந்தப் பெண் மேல் புகார் கொடுத்தது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "அவள் செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா?" என்றார். போட்டேன்.

சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாலையில் தகவல் வந்தது. உலகம்மாள் மேல் குற்றமில்லை, திரும்ப வரலாம். என் ஆய்வேட்டை இந்த முறை ஏற்பதற்கில்லை. விதியைத் தளர்த்தி இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதா என்று பிறகு யோசிப்பார்களாம். பிறகு என்றால் எப்போது என்று யாரும் சொல்லவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஆறு வருஷம் போச்சாட்டி?" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள். அதற்குத்தான் அழுகை வந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

குழுவின் உத்தரவை எடுத்துக்கொண்டு சுரண்டைக்குப் போனேன். தபாலில் போயிருக்கும், ஆனாலும் நேரில் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. சாரல் காலம் முடிந்து வெயில் ஏறியிருந்தது. அவள் வீட்டு வாசலில் பல்லாரி வெங்காயம் பரப்பியிருந்தார்கள். அவள் அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கக்கா" என்று நாற்காலி போட்டாள். மோர் கொண்டுவந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு இடத்தில் அவள் கண் பளிச்சென்றது. "நாற்காலிக்குப் பக்கத்துல கூடுதலா? அளவு எடுத்தீங்களா? இத எழுதணும்க்கா, இதுவே ஒரு நல்ல கட்டுரையால்லா இருக்கு" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போலப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிரு உலகு. நாளைக்கே வந்துரு. நான் வேற மேசைக்குப் போயிருதேன்."

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க பூட்டு மாத்துன அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. நான் இல்லன்னு எப்படிச் சொன்னாலும் அதையும் எனக்கு எதிராத்தான் எடுப்பீங்கன்னு தோணிச்சு. அதான் பேசாம இருந்தேன். செடிய நல்லா வளத்துக் குடுத்தாலாவது நம்புவீங்கன்னு நெனச்சேன். அதுதான் கடைசில என்னைய வெளிய அனுப்பிச்சுது."

என் காலடியில் கிடந்த ஓர் அழுகல் வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்கிப் போட்டேன்.

"கோவம்லாம் இல்லக்கா. நீங்க வந்து சொன்னது பெரிய காரியம், யாரும் செய்ய மாட்டாங்க. ஆனா நான் வரல. உங்க பக்கத்துல நின்னு வேல பாக்கப் பயமா இருக்கு."

மோரை முழுவதும் குடித்தேன். அவள் பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தாள். பேருந்து கிளம்பியபோது கையசைத்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனம் கொஞ்சம் இலேசாகியிருந்தது. ஊர் எல்லை தாண்டியிருக்காது, உள்ளே ஒன்று மெல்லக் கேட்டது: இவ்வளவு நல்லவிதமாகப் பேசி அனுப்புகிறாளே, வேறெங்காவது ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்குமோ? என் தைலக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு போய்த் தன் பெயரில் எழுதிவிடுவாளோ? அளவு எடுத்தீர்களா என்று எதற்காக அத்தனை ஆவலாகக் கேட்டாள்?

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் என் பக்கத்தில் இருக்கப் பயமாக இருந்தது.